துகள் மறைப்பு இலக்கணம்

1. நூல் நுவலும் பொருள்

திரையில் ஒரு படத்தின் பெயர் தோன்றுகிறது. எழுத்துகளைச் சுற்றிப் பொற்பொறிகள் பறக்கின்றன. சில பொறிகள் எழுத்துக்கு முன்னால் மிதக்கின்றன. சில பின்னால் போய் மறைகின்றன. சில எழுத்தின் ஓரத்திலேயே பிறக்கின்றன. பார்ப்பவருக்கு மூன்று விநாடியில் முடிந்துவிடும் காட்சி. செய்பவர், எந்தப் பொறி எங்கே மறைய வேண்டும், எதனால் மறைய வேண்டும், எந்தக் கட்டத்தில் மறைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானங்களை முறைப்படுத்துவதே இச்சிறு நூலின் பொருள்.

பாடல் வரி வீடியோ, டிவி சேனல் லோகோ, கல்யாண அழைப்பு வீடியோ, டைட்டில் கார்டு என்று இந்த வேலை நம் ஊரில் நாள்தோறும் நடக்கிறது. பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டும் பாடங்கள் நிறைய உண்டு. ஏன் அங்கே அழுத்த வேண்டும் என்பதற்கும் ஓர் இலக்கணம் வேண்டும்.

நூலின் முடிபை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பொறிபோன்ற ஒரு துகள் மறைகிறதென்றால், அதற்குக் காட்சிக்குள்ளேயே ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் அறிந்து போட்ட மாஸ்க் கண்ணுக்குத் தெரியாது. காரணம் அறியாமல் போட்டது எவ்வளவு நுணுக்கமாக வரையப்பட்டிருந்தாலும் துருத்திக்கொண்டு நிற்கும்.

2. வரலாறு

மறைக்கும் கலை துகளைவிட மூத்தது. ஜார்ஜ் மெலியே 1890-களின் இறுதியிலேயே பிலிமின் ஒரு பகுதியைக் கறுப்பால் மறைத்து, அதே பிலிமை மறுபடி ஓட்டி, ஒரே ஆளைப் பல இடங்களில் நிற்க வைத்தார். நகரும் உருவத்தோடு சேர்ந்து நகரும் மேட்டுக்கு, அதாவது மறைப்பு வடிவத்துக்கு, 1918-இல் பிராங்க் வில்லியம்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

துகள் 1982-இல் வந்தது. ‘ஸ்டார் டிரெக் 2’ படத்தில், உயிரற்ற ஒரு கோளின்மேல் தீச்சுவர் பரவும் காட்சியை லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் கணினிப் பிரிவு உருவாக்கியது. அதற்காக வில்லியம் ரீவ்ஸ் வகுத்த முறையை 1983-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிய துகள்கள் பிறக்கும், அவற்றுக்கு வேகம், அளவு, நிறம், ஆயுள் ஆகியவை வழங்கப்படும், ஆயுள் முடிந்தவை நீக்கப்படும், எஞ்சியவை நகர்த்தப்படும், பிறகு வரையப்படும். அந்தத் தீயின் உச்சத்தில் 7,50,000 துகள்கள் இருந்தன. இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பாலான துகள் கருவிகளும் இந்த ஐந்து படிகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கின்றன.

நம் பொருளுக்கு மிக வேண்டிய செய்தி அதே கட்டுரையில் இருக்கிறது. துகள்கள் தனியாக வரையப்பட்டன. மற்றப் பொருள்கள் தனியாக வரையப்பட்டன. துகள்கள் ஒரு பொருளுக்குப் பின்னாலோ இடையிலோ வர வேண்டியிருந்தால், காட்சியின் வெளியில் ஒரு வெட்டுத்தளத்தை வைத்து, துகள்களை முன்பாதி, பின்பாதி என்று பிரித்து, கடைசியில் அடுக்கிச் சேர்த்தார்கள். ஆக, துகள் பிறந்தபோதே அதை எப்படி மறைப்பது என்ற கேள்வியும் கூடப் பிறந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 1984-இல், அதே பிரிவைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் படங்களை அடுக்கும் கணக்கை வகுத்தார்கள். ஒரு படத்தை இன்னொன்றின் மேல் வைப்பது, இன்னொன்றின் உள்ளே மட்டும் காட்டுவது, இன்னொன்றுக்கு வெளியே மட்டும் காட்டுவது, இரண்டையும் கூட்டுவது ஆகியவை அதில் அடங்கும். நம் லேயர்களில் இன்று நடப்பது அந்தக் கணக்குதான்.

3. வகை

துகளை மறைக்கும் இடம் மூன்று: பிறப்பில், வாழ்வில், படத்தில்.

பிறப்பில் மறைத்தலாவது, துகள் எங்கே பிறக்கலாம் என்பதை மட்டும் கட்டுப்படுத்துவது. எழுத்தையே எமிட்டராக, அதாவது துகள் பிறக்கும் இடமாகக் கொடுத்தால் எழுத்தின் மேல்தான் துகள் பிறக்கும். ஆனால் பிறந்த துகள் எங்கே போகும் என்பது இதன் அதிகாரத்தில் இல்லை. எழுத்து கரைந்து பொன்தூளாகப் பறக்க வேண்டும் என்றால் இதுவே சரியான வழி. எழுத்தை அழிக்கும் மேட்டும் துகளைப் பிறப்பிக்கும் மேட்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே கண்ணளவில் அனிமேட் செய்தால், எழுத்து அழிவதற்கு முன்பே தூள் பறக்கும், அல்லது அழிந்த பிறகு வெற்றிடத்திலிருந்து பறக்கும். காலக்கணக்கும் இதில் உண்டு. 25 ஃபிரேம் வேகத்தில் ஓடும் வீடியோவில் துகளின் ஆயுள் 2 விநாடி என்றால், எமிட்டரை மூடிய பிறகும் 50 ஃபிரேம் வரை துகள் திரையில் இருக்கும். தாளம் விழும் இடத்தில் திரை சுத்தமாக வேண்டுமென்றால் எமிட்டரை அதற்கு முன்பே மூட வேண்டும்.

வாழ்வில் மறைத்தலாவது, துகள் போகும் வழியில் ஒரு பொருளைச் சந்தித்து, அங்கே நிற்பது, தெறிப்பது அல்லது இறப்பது. ஒரு பெண் குடை பிடித்து நிற்கிறாள். மழைத் துகளைச் சேர்க்க வேண்டும். குடைமேல் விழும் துளி குடையோடு முடிந்துவிட வேண்டும். குடையின் வடிவத்தில் ஒரு மேட் வெட்டி வைத்தால், துளி குடைக்குப் பின்னால் மறைந்து, குடைக்குக் கீழே மறுபடி தோன்றி, அவள் தோளில் இறங்கும். அவளுக்குப் பின்னால் பெய்யும் மழைக்கு அது சரி. அவள் குடைமேல் பெய்யும் மழைக்குத் தவறு. ஒரே குடை, ஒரே மழை. ஆனாலும் இரண்டு லேயர், இரண்டு விதமான மறைப்பு தேவைப்படுகிறது.

படத்தில் மறைத்தலாவது, துகள்களை முழுதாக வரைந்து முடித்தபின் அந்தப் படத்திலிருந்து ஒரு பகுதியை நீக்குவது. லேயர் மாஸ்க், டிராக் மேட், நியூக் மென்பொருளில் வரும் ஸ்டென்சில் எல்லாம் இவ்வகை. செய்வதற்கு எளிது, மாற்றுவதற்கும் எளிது. அதனாலேயே மற்ற இரண்டும் தேவைப்படும் இடங்களிலும் இதையே போட்டுவிடுகிறார்கள். கறுப்புப் பின்னணியில் எடுத்து விற்கப்படும் தூசி, பனி, தீப்பொறி கிளிப்புகளுக்கு மட்டும் இது ஒன்றே வழி. அவற்றில் துகளின் பிறப்பும் வாழ்வும் நம் கையில் இல்லை.

4. வரிசை

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பழகுபவர் அனைவரும் ஒருநாள் வந்து முட்டும் சுவர் ஒன்று உண்டு. சாலிட் ஒன்றில் துகள் எஃபெக்டைப் போடுகிறார். அதே சாலிடில் மாஸ்க் வரைகிறார். துகள்கள் மாஸ்க்கை மதிக்காமல் எல்லாப் பக்கமும் பறக்கின்றன. மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. அங்கே ஒரு லேயர் முதலில் மாஸ்க்கையும், பிறகு எஃபெக்டையும், கடைசியில் இடம், அளவு, சுழற்சி ஆகியவற்றையும் கணக்கிடுகிறது. மாஸ்க் வெட்டியது வெறும் சாலிடை. துகள் எஃபெக்ட் அந்தச் சாலிடைப் பொருட்படுத்தாமல் தன் படத்தைப் புதிதாக வரைகிறது.

தீர்வுகள் மூன்று. லேயரை ப்ரீ-காம்ப் செய்து, வெளியே உள்ள லேயரில் மாஸ்க் வரையலாம். துகள் எஃபெக்டுக்குக் கீழே ‘செட் மேட்’ எஃபெக்டை வைக்கலாம். எஃபெக்டுகள் மேலிருந்து கீழாகக் கணக்கிடப்படுவதால் அது வரைந்து முடிந்த துகளை வெட்டும். அல்லது டிராக் மேட் கொடுக்கலாம். 2022 அக்டோபரில் வந்த பதிப்புக்கு முன்பு வரை மேட் லேயர் நேர் மேலே இருந்தாக வேண்டியிருந்தது. அந்தப் பதிப்பிலிருந்து எந்த லேயரையும் மேட்டாகச் சுட்டலாம். ஒரே மேட்டைப் பல துகள் லேயர்களுக்குப் பகிர முடிவது இதனால் கிடைத்த பெரிய வசதி.

வரிசையில் இன்னும் நுட்பமான கேள்வி: குளோ முன்னா, மாஸ்க் முன்னா? இதற்கு விடை மென்பொருளில் இல்லை, உலகில் இருக்கிறது. பொறி ஒளிர்கிறது. வழியில் ஒரு பொருள் அதன் ஒரு பகுதியை மறைக்கிறது. தப்பி வந்த ஒளி லென்ஸுக்குள் நுழைந்து சிதறுகிறது. ஆகவே மாஸ்க் முன், குளோ பின். அப்போது எழுத்தின் ஓரத்தைத் தாண்டும் பொறியின் ஒளி எழுத்தின்மேல் மெல்லக் கசியும். கண் அதை உடனே நம்பும். வரிசையை மாற்றி, குளோவையும் சேர்த்து வெட்டினால், ஒளிவட்டம் கத்தரித்த காகிதம்போல் நேர்க்கோட்டில் நிற்கும். பனிமூட்டத்தில் தெருவிளக்கைச் சுற்றித் தெரியும் வட்டம் இதற்கு விலக்கு. அந்த ஒளி காற்றில் சிதறுகிறது, லென்ஸில் அல்ல. முன்னால் நிற்கும் ஆள் அந்த வட்டத்தையும் மறைப்பார். எனவே அங்கே குளோ முன், மாஸ்க் பின்.

5. விளிம்பு

விளிம்பின் மென்மை, மறைக்கும் பொருளின் மென்மைக்குச் சமமாக இருக்க வேண்டும். கூர்மையான எழுத்துக்குப் பின்னால் போகும் பொறி கூர்மையாகவே வெட்டுப்பட வேண்டும். மாஸ்க் தெரிகிறது என்று பயந்து ஃபெதரை 40, 60 பிக்ஸல் என்று ஏற்றினால், பொறிகள் எழுத்தைத் தொடுவதற்கு முன்பே மங்கத் தொடங்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் பொறியும் எழுத்தும் ஒரே இடத்தில் இல்லை என்பது தெரிந்துவிடும்.

எழுத்தைப் படிக்க இடைஞ்சலாக இருக்கிறது, நடுவில் பொறிகள் குறைய வேண்டும் என்பதும் நியாயமான தேவைதான். அதற்கு அகலமான ஃபெதர் மாஸ்க் விடையாகாது. அங்கே மறைப்பதற்குப் பொருள் எதுவும் இல்லை. எமிட்டரை நகர்த்துங்கள், காற்றின் திசையை மாற்றுங்கள், ஆயுளைக் குறைத்து, ஆயுளின் முடிவில் மங்கச் செய்யுங்கள். துகள் தானாகவே அங்கே வராமல் இருக்கட்டும்.

நகரும் பொருளுக்கு இன்னொரு விதி. நடனமாடும் கையைச் சுற்றிப் பொறி சுழல வேண்டும் என்றால், கையை ரோட்டோ செய்த மேட்டுக்கும் மோஷன் பிளர் வேண்டும். 24 ஃபிரேமில், 180 டிகிரி ஷட்டரில் எடுத்த காட்சியில் ஒவ்வொரு ஃபிரேமும் 1/48 விநாடியின் அசைவைத் தாங்கி நிற்கிறது. மேட்டின் ஷட்டரும் அதே அளவில் இருக்க வேண்டும். கை மங்கலாகவும் மேட் கூராகவும் இருந்தால், கையைச் சுற்றிப் பொறியில்லாத ஒரு கோடு ஓடும். ஃபோகஸ் விதியும் அதுவே: முன்னால் உள்ள பொருள் மங்கலென்றால் அதன் மேட்டும் அதே அளவு மங்க வேண்டும், பொருள் கூர்மையாக இருந்து பின்னால் உள்ள பொறி மட்டும் மங்கலென்றால், பொறியை முதலில் மங்கவைத்து, பிறகு கூர்மையாக வெட்ட வேண்டும்.

6. ஒளி

பொறி ஒளியைக் கூட்டும் பொருள். எனவே தீப்பொறி லேயர்கள் ஆட் மோடில் இருப்பதே முறை. ஸ்க்ரீன் மோடு 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட மதிப்புகளுக்காக ஏற்பட்டது. 32 பிட்டில் பொறியின் மதிப்பு 3 ஆகவும் பின்னணியின் மதிப்பு 3 ஆகவும் இருந்தால், ஸ்க்ரீன் சூத்திரத்தின் விடை −3. கூட்டினால் 6. எது ஒளியின் இயல்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதிக வெளிச்சமுள்ள துகளிடம் அரைகுறை மேட் எடுபடாது. மேட் வெள்ளையாகத் தெரிகிறது, உண்மையில் 0.99 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் படத்தில் எஞ்சும் நூற்றில் ஒரு பங்கு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. மதிப்பு 10 உள்ள ஒரு பொறிக்கோ 0.1 எஞ்சும். லீனியரில் 0.1 என்பது எஸ்ஆர்ஜிபி திரையில் 255-க்கு ஏறத்தாழ 89. முழுவதும் மறைந்திருக்க வேண்டிய பொறி எழுத்துக்குள் சாம்பல் புள்ளியாகத் தெரிவதற்கு இதுவே காரணம். கீயிங்கில் எடுத்த மேட்களில் இந்தக் குறை மிகுதி. மேட்டை லெவல்ஸில் இறுக்கி, உட்பகுதியை முழு 1 ஆக்கிய பிறகே துகளுக்குக் கொடுக்க வேண்டும்.

ஓரத்திலும் இதே கணக்கு. பாதி மறைந்த பிக்ஸல் பாதி ஒளியைத் தர வேண்டும். எஸ்ஆர்ஜிபியில் 0.5 என்பது லீனியரில் 0.214 தான். லீனியர் அல்லாத வெளியில் வெட்டினால் பொறியின் ஓரம் தேவைக்கு மேல் கறுத்து, எழுத்தைச் சுற்றி மெல்லிய கறை படரும். அல்ஃபாவோடு பெருக்கி (ப்ரீமல்டிப்ளை) ரெண்டர் செய்த துகளைத் தவறாக ஸ்ட்ரெயிட் என்று எடுத்துக்கொண்டாலும் இதே கறை வரும். மாஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் பார்ப்பது நல்லது.

7. ஆழம்

ஒருவரைச் சுற்றி மின்மினி பறக்க வேண்டும். இங்கே ஒரே மேட் போதாது; முன்னால் வரும் மின்மினியையும் அது வெட்டிவிடும். ரீவ்ஸ் 1983-இல் சொன்ன முறையே இன்றும் முறை: ஆளின் இடத்தில் ஒரு தளம், அதற்கு முன் ஒரு லேயர், பின் ஒரு லேயர், நடுவில் ஆள். டிராப்கோட் பார்ட்டிகுலர் என்ற துகள் கருவியில், விசிபிலிட்டி பகுதியிலுள்ள அருகு, தொலைவு எல்லைகளை வைத்து இதைச் செய்யலாம். துகள் லேயரை நகலெடுத்து, ஒன்றில் தளத்துக்கு அப்பாலும் மற்றதில் இப்பாலும் உள்ளதை மறைக்க வேண்டும். இரண்டு நகல்களிலும் ரேண்டம் சீடு ஒன்றாகவே இருக்க வேண்டும். சீடு மாறினால் அவை இரண்டு வேறு கூட்டங்கள். பின்னால் போன மின்மினி முன்னால் வராது.

தளத்தைத் தாண்டும் துகள் சட்டென்று குதிக்காமலிருக்க, எல்லையில் சிறிது மங்கல் கொடுப்பது வழக்கம். நடுக்கோட்டில் இரு லேயரிலும் அந்தத் துகள் பாதியாக இருக்கும். ஆட் மோடில் 0.5-உம் 0.5-உம் சேர்ந்து 1. நார்மல் மோடில் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் 0.75 தான் கிடைக்கும். துகள் அந்த இடத்தில் ஒரு கணம் மெலியும். எனவே ஒளிரும் துகளுக்கு மங்கலான எல்லை பொருந்தும்; இலை, காகிதத்துண்டு போன்ற திடமான துகளுக்குக் கூர்மையான எல்லையே பொருந்தும்.

ஒரு பிக்ஸலுக்கு ஒரே ஆழம் சொல்லும் டெப்த் பாஸ், புகைக்கும் தூசிக்கும் உதவாது. ஒரே பிக்ஸலில் அரை ஒளிபுகும் துகள்கள் பல, வெவ்வேறு தொலைவில் இருக்கும். அதற்காகவே ஒரு பிக்ஸலில் பல ஆழங்களைச் சேமிக்கும் டீப் முறை எழுந்தது; 2013-இல் வந்த ஓபன்இஎக்ஸ்ஆர் 2.0 அதைக் கோப்பு வடிவத்திலேயே ஏற்றது. பெரிய படங்களில் புகைக்குள் நுழையும் ஆளை மறு ரெண்டர் இல்லாமல் சேர்க்க முடிவது அதனால்தான். மோஷன் கிராஃபிக்ஸில் பெரும்பாலும் இரண்டு தளங்களே போதும்.

8. தடையும் விடையும்

தடை: இவ்வளவு நுணுக்கம் எதற்கு? இரண்டு விநாடிக் காட்சியைக் கைப்பேசியில் பார்ப்பவர் மாஸ்க்கையா பார்க்கப் போகிறார்?

விடை: அவர் மாஸ்க்கைப் பார்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் பொறி எழுத்துக்கு முன்னா பின்னா என்பதைக் கண் தானாகவே கணக்கிடுகிறது. கணக்கு ஒத்துவரவில்லையென்றால், ஒட்டவைத்தது போலிருக்கிறது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார். அந்தத் தீர்ப்புக்கு இரண்டு விநாடி தாராளம்.

தடை: உருவத்தை இயந்திரமே பிரித்துத் தருகிறது, ரோட்டோ பிரஷ் 2010-லேயே வந்துவிட்டது. இனி இந்த இலக்கணம் யாருக்கு?

விடை: இயந்திரம் உருவம் எங்கே இருக்கிறது என்று சொல்லும். பொறி அந்த உருவத்துக்கு முன்னால் போக வேண்டுமா, மோதி இறக்க வேண்டுமா, பின்னால் மறைய வேண்டுமா என்பதைச் சொல்லாது. தானாக எடுத்த மேட்டின் விளிம்பு ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிப்பதும் உண்டு. சாதாரணப் பின்னணியில் மறைந்துபோகும் அந்தத் துடிப்பைப் பிரகாசமான துகள் எடுத்துக் காட்டிவிடும். இயந்திரம் தந்த மேட்டைக் கையால் திருத்திய பிறகே துகளிடம் ஒப்படைக்க வேண்டும்.

9. புறனடை

எழுத்து தடுப்பாக இல்லாமல் ஜன்னலாக நிற்கும் இடமும் உண்டு: எழுத்துக்குள் மட்டும் விண்மீன்கள், வெளியே கறுப்பு. இங்கே வெட்டு தெரிவதே வடிவமைப்பு. ஆனாலும் காரண விதி மாறவில்லை. ஜன்னல் நகர்ந்தால் அதற்கு அப்பால் உள்ள வானம் கூடவே நகராது. எனவே எழுத்தை அனிமேட் செய்யும்போது துகள் லேயரை அதற்குப் பேரன்ட் செய்யக் கூடாது. பலரும் இந்த இடத்தில் லேயர்களை ஒன்றாகக் கட்டிவிட்டு, வானம் ஏன் துணியில் அச்சிட்டதுபோல் இருக்கிறது என்று தேடுகிறார்கள்.

10. முடிபு

ரெண்டருக்கு அனுப்புமுன் மூன்று சோதனைகள். மேட்டை அல்ஃபா வியூவில் தனியாகப் பார்த்து, உள்ளே சாம்பல் இல்லை என்று உறுதி செய்யுங்கள். வியூவரின் எக்ஸ்போஷரைப் பல ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள். கசியும் பொறிகள் அப்போது வெளிப்படும். துகள் விளிம்பைத் தொடும் ஐந்தாறு ஃபிரேம்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, பென் டூலைக் கையிலெடுப்பதற்கு முன்பே, ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தத் துகள் ஏன் மறைகிறது? பிறக்கவில்லை என்றால் எமிட்டரிடம் போங்கள். மோதியது என்றால் இயக்கத்திடம் போங்கள். முன்னால் ஒரு பொருள் நிற்கிறது என்றால் மேட்டிடம் போங்கள். மூன்றும் இல்லையென்றால் அந்த மாஸ்க்கை அழித்துவிடுங்கள். அது அங்கே இருக்க வேண்டியதில்லை.